மானிட்டர் மூலையில் ஒரு பொட்டு

அக்காவின் மானிட்டரில், வலது கீழ் மூலையில், மிளகு அளவுக்கு ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, முகம் கழுவப் போகும்போது கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்துபோகிறார்களே, அந்த மாதிரி என்றுதான் நினைத்தேன். சிதம்பரம் கீழவீதியில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடை அது. அக்கா அங்கே ஆபரேட்டர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். எனக்கு உறவெல்லாம் இல்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. ஒரு பக்கத்தைத் திறக்க மௌஸைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். எதிரே இருப்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மறுபடி அதைத் தொடமாட்டார். அரசுத் தேர்வு விண்ணப்பப் பக்கத்தில் எல்லாம் வந்த பிறகு, கடைசியாக அடியில் ஒரு சின்ன முத்திரைப் படம் வரும். அது வந்து சரியாகப் பொட்டுக்குக் கீழே உட்கார்ந்தால்தான் பக்கம் முழுசாக வந்துவிட்டது என்று அவருக்குக் கணக்கு. அதற்கு மேல்தான் கீபோர்டில் கை வைப்பார்.

நான் அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில், நாலு பேர் வேலை பார்க்கிற ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் அலுவலகமும் அந்தக் கடையும் ஒரே முதலாளியுடையவை. விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் வேறு கடைக்குப் போய்விடும் என்று அவருக்குக் கவலை. அதற்காக என்னை ஒரு செயலி எழுதச் சொன்னார். கடைக் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்வது. அதன் ஜன்னலுக்குள்ளேயே தேர்வுப் பக்கம் திறக்கும். முன்கூட்டி எழுதி வைத்த பெயர், பிறந்த தேதி, தேர்வு மையம் எல்லாவற்றையும் அதுவே நிரப்பி அதுவே அனுப்பிவிடும். இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. பக்கம் எப்போது முழுசாக வந்து முடிந்தது என்று செயலிக்குத் தெரிய வேண்டும். அரைகுறையாக வந்திருக்கும்போது நிரப்பினால் எழுதியது எங்கேயும் போய் ஒட்டாது. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கம் வந்ததும், செயலிக்குள் இருக்கிற பிரவுசர் 'முடிந்தது' என்று ஒரு தகவல் கொடுக்கும். நான் அந்தத் தகவலைப் பிடித்தேன், நிரப்பினேன், அனுப்பினேன். மஞ்சக்குப்பத்தில் இருந்த வேகமான லைனில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஜில்லாவிலேயே எனக்குச் சமமாக ஆள் இல்லை என்று தலையில் கொம்பு முளைத்துத் திரிந்த காலம் அது.

அதை நிறுவுவதற்காக ஒரு திங்கட்கிழமை காலை சிதம்பரம் போனேன். அக்காவின் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். பெயர் தானாக விழுந்தது, தேதி விழுந்தது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்து பதிவு எண்ணும் வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, பேஜ் வந்துடுச்சுன்னு அது சொல்லுது, சரி. உள்ள சென்டர் லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, நம்ம லைனுக்கு அது சில நாள் லேட்டாதான் வரும். அது வந்துச்சான்னு யாரு பாக்கறது? அனுப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்கிற மாதிரி வெச்சுக் குடுங்களேன். நான் ஒரு தடவ பாத்துட்டு அனுப்பறேன்.”

நின்று பார்க்கவா இவ்வளவு பாடுபட்டு எழுதினேன் என்று எனக்குச் சுருக்கென்றது. “பிரவுசருக்கே தெரியாதது உங்க பொட்டுக்குத் தெரியப் போவுதாக்கா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். திரையில் பசை மட்டும் வட்டமாக நின்றது. அக்கா அதை முந்தானையால் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தார், போகவில்லை. இனிமேல் எல்லா விண்ணப்பமும் செயலி வழியாகத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டதால் அவர் அதற்குமேல் பேசவில்லை.

அந்த வருஷம் குமாஸ்தா வேலைகளுக்கு ஒரு பெரிய தேர்வு வந்தது. அக்காவும் எழுதினார். அதற்கு முன் பல தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனவர். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மேஜை டிராயரை இழுத்து வைத்து, அதற்குள் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவையோடு வயது வரம்பு முடிகிறது, இனி எழுத முடியாது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டுத் தன்னுடையதைக் கடைசி நாள் சாயங்காலம் போட்டார். மழை பெய்து லைன் தத்தளித்துக்கொண்டிருந்த நாள். தேர்வு மையம் சிதம்பரம் என்றுதான் எழுதியிருந்தார். பேரும் பதிவு எண்ணும் மட்டும்தான் வந்தன, பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஹால் டிக்கெட் வந்தபோது அக்காவுக்கு மையம் அரியலூர் என்று இருந்தது. அவருக்கு மட்டுமில்லை, அந்தக் கடைசி நாளில் விண்ணப்பித்த ஒன்பது பேருக்கும் அரியலூர். ஒருமுறை அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது என்று விண்ணப்பத்திலேயே இருந்தது. கடையில் சண்டை. முதலாளி எனக்குப் போன் செய்து, உன் செயலியில் கோளாறா, அந்தம்மா ஏதாவது தப்பாக எழுதினாரா, பார்த்துச் சொல் என்றார்.

பார்த்தேன். லைன் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு ஓட்டியதும் பத்து நிமிஷத்தில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. 'முடிந்தது' என்கிற தகவல் ஒரு தடவை வருவதில்லை, இரண்டு தடவை வருகிறது. மேல் பக்கத்துக்கு ஒன்று. அதற்குள் தனியாக வந்து உட்காருகிற மையப் பட்டியலுக்கு இன்னொன்று. நான் முதலாவதைக் கேட்டதும் ஓடியிருக்கிறேன். முழுப் பட்டியல் வருகிற வரைக்கும் அந்தக் கட்டத்தில் அகர வரிசைப்படி முதல் பெயர் மட்டும்தான் நிற்கும். அது அரியலூர். அக்கா அன்றைக்குச் சொன்னதும் இதைத்தான்.

போனை எடுத்து முதலாளியிடம் நான் சொன்னது வேறு. செயலியில் ஒன்றுமில்லை சார், கடைசி நாள் அவசரத்தில் அக்கா மையத்தை மாற்றி எழுதியிருப்பார் என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்கிற நிலைமையும் இல்லை. கெட்டிக்காரன் என்று வாங்கிய பெயர் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அக்கா எதிர்த்துப் பேசவில்லை என்றார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் செய்து, முதல் நாளே அரியலூர் போய்விடச் சொல்லியிருக்கிறார். ஏழு பேர் அப்படியே போய்த் தேர்வு எழுதிவிட்டார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பெண், கணவர் வெளிநாட்டில், கைக்குழந்தைக்காரி. முந்தின நாளே கிளம்பத் தோதுப்படாது என்றிருக்கிறார். நான் கூட வரேன், விடியக்காலை பஸ்ஸில் போவோம் என்று அக்காவும் தங்கிவிட்டார். காட்டுமன்னார்கோவில் தாண்டிப் பாதை வேலைக்காக பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். இருவரும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது கதவைச் சாத்திக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது இருந்தது, அடுத்த தேர்வு எழுதினார். அக்காவுக்கு அதோடு முடிந்துபோயிற்று.

அடுத்த வாரமே நான் செயலியைத் திருத்தினேன். பட்டியலுக்குள் 'சிதம்பரம்' என்கிற பெயர் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்த பிறகே நிரப்புகிற மாதிரி மாற்றினேன். அனுப்புவதற்கு முன் நின்று கேட்கவும் வைத்தேன். புதிய பதிப்பு என்று சொல்லி மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே கடைக்கு அனுப்பிவைத்தேன். நேரில் போக முகம் இல்லை. இரண்டு மாதத்தில் அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஆலப்பாக்கம் வழியாக எத்தனை தடவை சிதம்பரம் போய் வந்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

போன மாதம்தான் போனேன், பதினோரு வருஷம் கழித்து. வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில், இரண்டு கம்ப்யூட்டர் போட்டுச் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். காபி சொல்லட்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மனசில் வைத்திருந்ததை மூச்சு விடாமல் கொட்டினேன். தப்பு செயலியில்தான், அன்றைக்கே எனக்குத் தெரியும், உங்கள் மேல் போட்டுவிட்டேன் என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தெரியும் தம்பி. புது வெர்ஷன் அனுப்புனீங்களே, அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. லிஸ்ட்டு வர்ற வரைக்கும் அது நின்னுச்சு. தப்பு என்னுதுன்னா நீங்க எதுக்கு அத மாத்தணும்?”

முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் அந்த ரெண்டு மாசம் அங்க ஒக்காந்திருந்தேன்.”

அதற்குள் யாரோ ஒரு பெண் சான்றிதழ்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா திரும்பி உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். இன்றைய மெலிந்த மானிட்டர், வேகமான லைன். ஆனாலும் வலது கீழ் மூலையில் ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். போய்வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பக்கம் இன்னும் வந்து முடியவில்லை.