நூற்று இருபத்தொரு சென்ரிமீற்றர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை 10.40. தூறல். கனடாவில் இருக்கும் பேத்தி இப்போது 121 சென்ரிமீற்றர் உயரம் என்று மகள் போனில் சொன்னாள். எனக்கு அங்குலத்தில் சொன்னால்தான் ஆள் கண்ணுக்குத் தெரியும். 2.54ஆல் வகுத்தேன். நாற்பத்தேழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அந்தக் 'கொஞ்சம்' மனத்தை அரித்தது. பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், பேத்தியின் உயரம் பார்க்க இரண்டு அளவும் உள்ள நாடா வேண்டும் என்றேன்.

“புள்ளயக் கூட்டிட்டு வாங்க ஐயா, நானே அளந்து தாரேன்” என்றார் கடைக்காரர்.

“நாலு வருஷமா நானும் அதத்தான் கேக்குறேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து, அலுமாரிக் கதவில் 121இல் பென்சிலால் கோடு போட்டு அருகே நின்றேன். கோடு என் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேரே இருந்தது. தலையைத் தடவுவதுபோல் அங்கே கையை வைத்துப் பார்த்தேன்.

நாடா 150, பஸ் போக வர 80. மொத்தம் 230 ரூபாய்.