தம்பி நடந்த நடை

அப்பா வேலைக்காகப் பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் இடம் பிடிக்க ஒரு முறை இருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை இருக்கையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஓடி ஏற வேண்டும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு மழை நாளில் கைக்குட்டை ஏறியது, அப்பா ஏறவில்லை. வலது முழங்கால் படியின் இரும்பு விளிம்பில் மோதியது. இரண்டு நாள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே அதே ரயிலுக்குப் போனார்.

அந்த மாதம்தான் தம்பி சுவரை விட்டு நடக்கத் தொடங்கினான். வலது காலை மடக்காமல் வீசி, இடப்பக்கம் சாய்ந்து நடந்தான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்பில் குறையில்லை. "வீட்ல யாராவது இப்படி நடக்குறாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் இதைக் கேட்ட அப்பா சிரித்தார். வாசலில் அவர் முன்னால் நடந்தார். தம்பி பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து போனான்.

"இன்னாடி இது! யாரும் சொல்லிக் குடுக்கல. பாத்தே கத்துக்கினான் பாரு" என்றார் அம்மாவிடம்.

ஸ்கெலட்டன் என்ற எங்கள் குடியிருப்பில், ஒட்டி ஒட்டி இருந்த லைன் வீடுகளில் பாதிப்பேர் வெளியே வந்துவிட்டார்கள். "இவனுக்குப் பேரு எதுக்கு வெச்சீங்க? ஜெராக்ஸ்னு கூப்புடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஸ்கூல்ல நொண்டின்னு கூப்புடுவாங்க. அப்பவும் சிரிங்க."

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில் நொண்டவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வாசலிலிருந்து தண்ணீர் டிரம் வரை இருபது அடி, காலை மடக்கி, நேராக நடப்பார். பத்து தடவை. நெற்றி வேர்த்துவிடும். தம்பி கவனிக்கிறானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "நான் நல்லாத்தானே நடக்கறேன், என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்று நடந்தும் காட்டினேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வாரங்களில் அவனுடைய சாய்வு குறைந்தது. பிறகு அது இருந்த அடையாளமே இல்லை. அப்பா நிறுத்தவில்லை.

ஒரு நாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் வாசலில் அம்மா இடுப்பிலிருந்து தம்பி கையாட்டிக்கொண்டிருந்தான். அப்பா தெருமுனை வரை நேராக நடந்து வந்தார். முனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு வலது காலை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். முன்பைவிட மோசமாக நொண்டினார். எதிர்ப்பக்கம் நின்ற என்னைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். "அப்பா ஏமாத்துறாரும்மா. தெருவுல நொண்டுறாரு!"

அம்மா பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "தம்பி எதிர்ல சொல்லாத" என்றாள்.

அம்மாவும் கூட்டு என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் அவ்வளவு நன்றாக நடக்கிறவர் தெருவில் எதற்கு நொண்டி நடிக்க வேண்டும்? அன்று சாயங்காலம் அவர் இருபது அடியைத் தொடங்கியபோது, பார்த்துச் சொல்ல மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.