என் பாஸ்போர்ட் மட்டும் அமெரிக்கா போன வருடம்

கல்யாணமான இரண்டாவது வருடம், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் கணவர் வீடியோ அழைப்பில் வந்து, "இந்த வருஷம் டாக்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுடலாமா?" என்று கேட்டார். அவர் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தார். நான் நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. அவருக்கு கிரீன் கார்டு கிடைத்த பிறகு எங்கள் கல்யாணம் நடந்தது. முன்பே நடந்திருந்தால் நானும் அவருடனேயே போயிருக்கலாமாம். பிறகு நடந்ததால் அவர் எனக்காகத் தனியாக மனுப் போட்டு, நான் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. நடுவில் சுற்றிப்பார்க்கும் விசாவுக்கு ஒருமுறை விண்ணப்பித்தேன். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், புருஷன் அங்கே இருப்பதைக் கேட்டதுமே மறுத்துவிட்டாள். போனால் திரும்பி வரமாட்டேன் என்று நினைத்திருப்பாள். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "எப்போ கெளம்பற?" என்று கேட்பதும், நான் "பாக்கணுங்க" என்று சிரிப்பதும் வாடிக்கையாகிவிட்டது.

அவர் கேட்டதை நான் புரிந்துகொள்ள இரண்டு மூன்று அழைப்புகள் ஆயின. அந்த நாட்டில் கணவனும் மனைவியும் ஒரே கணக்காக வரி தாக்கல் செய்யலாம். அப்படிச் செய்தால் வரி நன்றாகக் குறையும். மனைவி வெளிநாட்டில் இருந்தாலும் செய்யலாம். ஆனால் வரிக் கணக்குக்காக மட்டும் என்னை அந்த நாட்டில் வசிப்பவளாக வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே நான் வாங்கும் சம்பளத்தையும் வங்கி வட்டியையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் என் வருமான வரியைப் போட்டுக் கொடுக்கும் ஆடிட்டரிடம் இதைக் கொண்டுபோனேன். மெயின் பஜாரில் மாடியில் அவருடைய அறை. மைன்ஸில் வேலை செய்கிற பாதிப் பேரின் கணக்கு அவரிடம்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ப நாட்டுல புருஷன் வேற, பொண்டாட்டி வேறங்க. ரெண்டு பேன் நம்பர், ரெண்டு ரிட்டர்ன். சேத்துப் போடறதெல்லாம் கெடையாது" என்றார்.

"அங்க உண்டாம் சார். அதுக்கு என் சம்பளக் கணக்கு வேணும்."

"அப்போ நீங்க அங்க ரெசிடென்டா?"

"டாக்ஸுக்கு மட்டும்."

"விசா வந்துடுச்சா?"

"இல்லைங்க. இன்னும் வரிசையிலதான் இருக்கேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வரி கட்டறதுக்கு மட்டும் வரிசை இல்ல போலருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுவேனோ என்று உடனே பிரின்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன். படி இறங்கும்போதுதான் அது வேடிக்கை இல்லை என்று உறைத்தது.

சேர்ந்து தாக்கல் செய்ய எனக்கும் அங்கே ஒரு வரி எண் வேண்டும். அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்க பாஸ்போர்ட் வேண்டும். சென்னையில் இதற்கென்று அனுமதி பெற்ற முகவர்கள் மூலம் நகலுக்குச் சான்று வாங்கலாம். இல்லையென்றால் அசலையே அனுப்பலாம். ஏப்ரல் நடுவில் கெடு. முகவரைத் தேடிப் பிடிக்க நேரமில்லை என்றார் கணவர்.

"எல்லாரும் ஒரிஜினலைத்தான் அனுப்பறாங்க. ரெண்டு மூணு மாசத்துல திரும்பி வந்துடும். உனக்கு இன்டர்வியூ வர இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் பாஸ்போர்ட் பீரோல சும்மாதானே கிடக்குது?"

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அது சும்மாதான் கிடந்தது. இருந்தாலும் அந்தச் சொல் என்னையும் சேர்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனதில் கிடைத்த வேலை அவருடையது. அப்போது ரிட்டயர் ஆக ஒரு வருடம்கூட இல்லை. அசல் தாள் எதையும் அவர் கையைவிட்டு விடமாட்டார்.

"காப்பி குடுத்தா பத்தாதாமா அவங்களுக்கு?" என்று கேட்டார். "எங்கப்பாரு பட்டாவ ஒரு ஆபீசுல குடுத்துட்டு அத்த வாங்கறதுக்கு எத்தினி நட நடந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். மாப்ள கிட்ட வேற வழி கீதான்னு கேளு."

"வேற வழி இல்லப்பா. அவரே விசாரிச்சுட்டாரு."

கூரியர் கடைக்கு நான் கிளம்பியபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பாஸ்போர்ட்டை உறைக்குள் வைப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்தார். காலிப் பக்கங்களையும் விடவில்லை.

சில நாளில் அது கணவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் படம் அனுப்பினார். "நீ வர்றதுக்கு முன்னாடி உன் பாஸ்போர்ட் வந்துடுச்சு பாரு" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவர் வரிக் கணக்கோடு சேர்த்து அதை வேறொரு மாநிலத்திலிருந்த வரி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினார்.

ஏப்ரல் போனது, மே போனது. ஜூனில் ஒரு நாள் மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கணவரோடு அதே அடுக்குமாடியில் குடியிருக்கும் நண்பர், மதுரைக்காரர்.

"சிஸ்டர், பதறாதீங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் சொன்னான். எனக்கு மனசு கேக்கல."

என் கணவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகிறது. உள்ளே சீழ் கட்டிக் காய்ச்சல் இறங்கவில்லை, மறுநாள் இரண்டாவது தடவை வயிற்றைத் திறக்கப்போகிறார்கள். அந்த நான்கு நாளும் எனக்கு "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசறேன்" என்றுதான் செய்தி வந்துகொண்டிருந்தது. நானும் சாப்பிட்டீர்களா என்று கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு யாருமே கூப்பிடலையே?" என்று கேட்டேன்.

நண்பர் தயங்கினார். "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்டப்போ என் நம்பரைக் குடுத்திருக்கான் சிஸ்டர். பக்கத்துல இருக்கறவங்க நம்பர்தானே வேணும்..."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டதும் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. "கெளம்புமா. மெட்ராஸ் வரிக்கும் நானே கூட்டிகினு போறேன். அவசரம்னு சொல்லி விசா கேப்போம்" என்றார். சொன்னவர் சட்டென்று நின்றுவிட்டார். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பாஸ்போர்ட் நினைவு வந்தது.

சென்னையில் ஒரு பயண முகவருக்குப் போன் செய்தேன். "அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் பாக்கலாம் மேடம். ஏற்கெனவே ஒரு தடவை ரிஜெக்ட் ஆகியிருக்கு, கஷ்டம்தான். ஆனா ஆஸ்பத்திரி லெட்டர் இருந்தா சில சமயம் குடுப்பாங்க. பாஸ்போர்ட் கையில இருக்குல்ல?"

இல்லை என்றேன். எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, தத்கால்ல புதுசு வாங்கிடுங்க. நிறைய பேர் செய்யறதுதான்."

அப்பாவின் ஸ்கூட்டரில் காவல் நிலையத்துக்குப் போனோம். வாசலில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது; அதன் நிழலில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். பஸ்ஸில் போகும்போது என்று எழுதிவிட்டு, எந்த பஸ் என்று யோசித்தேன். தொலையவே இல்லை. எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு விசா நேர்காணலில் பாஸ்போர்ட் எப்போதாவது தொலைந்ததுண்டா என்று கேட்பார்கள். சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். அவர் எனக்காகப் போட்ட மனுவே அதனால் கெட்டுப்போகலாம். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒரு பொய் எழுதப் பயந்து அவரிடம் போகாமல் இருந்தவள் ஆகிவிடுவேனே என்றும் தோன்றியது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதறதுன்னா எழுதுமா. நானும் கூட வந்து சொல்றேன், தொலஞ்சிதான் போச்சின்னு" என்றார். எந்த ஆபீசிலும் ஒரு எழுத்து மாற்றிச் சொல்லாத மனிதர். அவர் அப்படிச் சொன்னதும் என்னால் முடியவில்லை. தாளைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டேன். "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்றேன்.

அது சரியான முடிவுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கணவர் பிழைத்துக்கொண்டதால் சரியாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டாவது சிகிச்சை முடிந்தது என்று நண்பர் செய்தி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து கணவரே வீடியோவில் வந்தார். மூக்கில் குழாய், முகம் பாதியாக இளைத்திருந்தது. "ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு" என்று அவர் ஆரம்பித்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"வரி கம்மியாகறதுக்கு நான் உங்க பொண்டாட்டி. உசுருக்கு ஆபத்துன்னா நான் யாரோவா?"

"அப்படி இல்லம்மா. உன்னால வர முடியாது. சொல்லி என்ன பண்ணப் போறே?"

"அழுதிருப்பேன். அதுக்காவது விட்டிருக்கலாமில்ல?"

அவர் தையல் வலியில் முகத்தைச் சுளித்தார். நோயாளியிடம் கத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. பல வாரங்கள் மருந்து, சாப்பாடு, காய்ச்சல் என்று மட்டுமே பேசிக்கொண்டோம்.

வரி எண் கிடைத்துவிட்டதாக அவர் ஜூலையில் சொன்னார். பாஸ்போர்ட் ஆகஸ்டில் அவர் முகவரிக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. ஓரம்கூட மடங்கவில்லை. அம்மா வாங்கி சாமி படத்தின் முன்னால் வைத்தாள். நான் அதை எடுக்க இரண்டு நாளாயிற்று.

பொங்கலுக்கு அவர் வந்தார். வயிற்றில் தழும்பைக் காட்டும்போது குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த சாயங்காலம் அவரே பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கு ரொம்ப பயந்துட்டேன். உன் முகத்தைப் பாத்தா உடைஞ்சிடுவேன்னுதான் போன் பண்ணலை. அம்மாவுக்கும் சொல்லலை, அண்ணனுக்கும் சொல்லலை." பிறகு, "உனக்கு வேணாம்னா இந்த வருஷத்துலேர்ந்து தனித்தனியாவே டாக்ஸ் போட்டுக்கலாம்" என்றார்.

"அதை எதுக்குத் தனியாப் போடணும்?" என்றேன். "ஆஸ்பத்திரியில என் நம்பரைக் குடுங்க. உங்க ஃபிரெண்டு நம்பரும் இருக்கட்டும். முதல்ல என்னது இருக்கணும். நான் வர முடியாதுன்னாலும் போன் அடிக்கட்டும்."

திரும்பிப் போன வாரமே மாற்றிவிட்டதாகச் சொன்னார். அந்த வருடமும் சேர்ந்தே தாக்கல் செய்தோம். இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்ன பிறகுதான் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். வீட்டு முகவரி என்ற இடத்தில் அவருடைய அடுக்குமாடி முகவரி எங்கள் இருவருக்குமாக இருந்தது. நான் இன்னும் அந்தக் கதவைப் பார்த்ததில்லை.

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் வாடகைக்கு வந்துவிட்டோம். எங்கள் விசா வரிசை நகர்கிறது என்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் அவர்கள் வெளியிடும் தேதிப் பட்டியலைப் பார்க்கிறேன், சில மாதம் பின்னாலும் போகிறது.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். அவரே அழைத்துச் சொன்னார். சாதாரணக் காய்ச்சல்தான், நூறுகூட இல்லை என்று தெர்மாமீட்டரைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். நான் பார்த்தேன். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் அதை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கும்வரை இரண்டு பேரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.