டெஸ்டிங் ரெக்கார்டின் மூன்றாவது பாட்டு

செஞ்சியில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி அந்த ரெக்கார்டின் பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். பாடியவர்கள் பெயரைச் சொன்னாலும் அப்படித்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஒன்றைப் போட்டுவிட்டுக் கலைந்துபோன வெள்ளைக்கார ராக் கோஷ்டி அது. அவர்கள் ஊரிலேயே அவர்களை நினைவு வைத்திருக்க ஆளில்லை. ஆனால் அதன் மூன்றாவது பாட்டில் முதல் இரண்டு நிமிடத்தை முனகிக் காட்டிப் பாருங்கள். "அட, இது டெஸ்டிங் பாட்டாச்சே" என்பார்கள்.

அதற்குக் காரணம் என் நைனா. அவர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, சாவு, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் முதலில் அந்த ரெக்கார்டைத்தான் எடுப்பார். பாண்டிச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய பழைய கட்டு ஒன்றில் அது வந்து சேர்ந்தது. மூன்றாவது பாட்டு ஒற்றைக் கம்பி கிதாரில் மெல்லத் தொடங்கும். அது தெருமுனையில் கேட்டால் ஆம்ப்ளிஃபயர் சரி. அடுத்து டிரம் விழும்போது குழாய் கரகரக்காவிட்டால் ஸ்பீக்கர் சரி. பிறகு ஓர் ஆண் குரல் அடித்தொண்டையில் கிளம்பி மேலே மேலே ஏறும். அது ராஜகிரி மலையில் மோதித் திரும்பி வந்தால் எல்லாமே சரி. இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம். முள்ளைத் தூக்கிவிட்டு "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். அப்புறம்தான் விசேஷத்துக்கான பாட்டு.

எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் "ஹலோ மைக்". பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த மாதம் முழுக்க ஊரில் ஒரு நாள் விடாமல் கல்யாணம். அந்த ஆள் அடிவயிற்றிலிருந்து கத்தும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பல்லைக் கடிப்பேன்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு அப்புறம் என்ன வருகிறது என்று நைனாவுக்கே தெரியாது. இது யாரும் நம்பாத விஷயம், ஆனால் நிஜம். வேலைக்குப் போன இடத்தில் ஓடவிட முடியாது. வீட்டில் ஓடவிட அம்மா சம்மதிக்க மாட்டாள். அதோடு, ஓட ஓட ரெக்கார்டு தேயும், தேய்ந்தால் டெஸ்டிங்குக்கு வேறு கிடைக்காது என்ற பயம். ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு ரெக்கார்டின் அட்டையிலும் எந்தப் பாட்டு எதற்கு ஆகும் என்று பேனாவால் குறித்து வைப்பார். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறார் என்று நான் பார்த்ததில்லை. எங்களைத் தொடவிட்டால்தானே.

அம்மா செத்த அன்றும் குழாய் கட்டியவர் அவர்தான். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று சொன்னவர்களை முறைத்துவிட்டு ஏணி போட்டு ஏறினார். கிதார், டிரம், குரல், மலை. இரண்டு நிமிடம் ஆயிற்று. முள்ளைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றார். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் கை அசைந்தது.

நாற்பது வருஷம் குழாய்க்கு அடியில் நின்றவருக்குக் காது எத்தனை நாள் தாங்கும்? முதலில் இடது, அடுத்த சில வருஷத்தில் வலது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். விசிலடிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டார். மைக் செட் தொழிலைத் தம்பி எடுத்துக்கொண்டான். இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர், லேப்டாப் என்று அவனுக்கு நல்ல ஓட்டம். நைனாவிடம் எதைச் சொல்வதானாலும் எழுதிக் காட்ட வேண்டும். ஐந்தாவது வரை படித்தவர், உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பேசும்போது கத்துவார். அவர் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும்.

நான் பக்கத்து ஊரான வல்லத்தில் பள்ளிக்கூட டீச்சர். நைனா வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் தம்பி பழைய சாமான்களைத் துடைத்து வைக்கும்போது விளையாட்டாக அந்த ரெக்கார்டை ஓட்டி, செல்போனைப் பக்கத்தில் பிடித்திருக்கிறான். இன்ன ரெக்கார்டு என்று போன் சொல்லிவிட்டது. முழு ரெக்கார்டும் அதிலேயே இருந்தது. எனக்கும் அனுப்பிவிட்டு, நைனாவுக்கும் எழுதிக் காட்டிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் நைனா ரெக்கார்டும் கையுமாக நின்றார்.

"முழுசா இருக்குதாமே! ஆளு மேல ஏறுவான் பாரு, அதுக்கப்புறம் இன்னா வருது? கேட்டு எழுதிக் குடு."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் என்று சைகை காட்டினேன். அடுத்த வாரமும் கேட்டார். தம்பியை எழுதச் சொல்லுங்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"அவன் எழுத்து கோழி கிளறுனா மாரி இருக்குது. நீ டீச்சரு. நீ எழுதுனா எனக்குப் புரியும்."

மூன்றாவது வாரம் அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டோடு போயிருந்தேன். மறுநாள் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்த்தார். ஏழு நிமிடப் பாட்டு. கேட்டிருக்கலாம். போன் என் பையில்தான் இருந்தது. எனக்கு வந்ததோ எரிச்சல். காது கேட்காத மனிதருக்கு வெள்ளைக்காரன் எப்படிக் கத்துகிறான் என்று நான் கட்டுரை எழுத வேண்டுமா? கையிலிருந்த சிவப்புப் பேனாவாலேயே எழுதிக் கொடுத்தேன்.

"அப்புறமும் அதேதான் வருது நைனா. திரும்பத் திரும்ப அதேதான்."

உதடு அசையப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அவ்ளோதானா" என்றார். எப்போதும் போல் கத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் படுக்கையில் விழுந்தார். மாசியில் போய்விட்டார்.

தம்பி பழைய குழாயைத் தேடியெடுத்து வேப்பமரத்தில் கட்டினான். நைனாவின் பழைய ஆம்ப்ளிஃபயர், நைனாவின் ரெக்கார்டு. முள்ளை வைத்தான். கிதார், டிரம், குரல். குரல் மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம் முடியப் போனது. அவன் கை முள்ளிடம் போகவில்லை.

"இன்னிக்கி முழுசா ஓடட்டும்க்கா" என்றான் என்னைப் பார்த்து.

அவன் சொல்லி முடிப்பதற்குள், பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கையை ஆட்டினார். "டேய், டெஸ்டிங்கு போதும்டா. பாட்டப் போடு."

அவர்மேல் தப்பே இல்லை. அங்கிருந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். தம்பி மறுபடி என்னைப் பார்த்தான். அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மாலையோடு தெருவில் திரும்பினார்கள். சாவு வீட்டில் இங்கிலீஷ் கூச்சலா என்று நினைப்பார்களே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. போனால் போகிறது, மிச்சமும் அதேதானே. என் பொய்யை நானே நம்பிவிட்டிருந்தேன். எடுத்துவிடு என்று தலையாட்டினேன். அவன் எடுத்தான்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வல்லத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரு காலை இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த ரெக்கார்டை முதலிலிருந்து கேட்டேன். முதல் பாட்டு சாதாரணம். இரண்டாவதில் பாடுகிறவனைவிட டிரம் அடிக்கிறவன் கெட்டிக்காரன். தாளத்தை விட்டுவிட்டுப் போகிற மாதிரி போய்ச் சரியாக வந்து பிடிக்கிறான். மூன்றாவது தொடங்கியதும் பழைய எரிச்சல் வந்தது. குரல் ஏறியது. இரண்டு நிமிடம் ஆனது.

சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதென்று போனை எடுத்துப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து ஆர்கன் ஒன்று மிகத் தாழ்வாக வந்தது. டிரம் இல்லை, கிதார் இல்லை. அதன்மேல் அதே ஆள் மறுபடி பாடினான், கத்தாமல். மேலே ஏறிக் கத்திய அதே வரிகளைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை; புரிய வேண்டியும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் எங்கள் ஊருக்கு மேல் கத்திக்கொண்டிருந்தவன் ஏன் கத்தினான் என்று அங்கேதான் தெரிந்தது. கடைசியில் முதலில் வந்த ஒற்றைக் கம்பி மட்டும் திரும்ப வந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த இடத்தைக் குழாயில் போட்டால் தெருமுனைக்குக்கூடக் கேட்காது. டெஸ்டிங்குக்கு உதவாத பாட்டு.

வல்லம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே நின்று அழுதேன்.

இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு இழுவை, கடைசிப் பாட்டு அருமை. இதையெல்லாம் இப்போது எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுத என்னால் முடியும்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய் அந்த ரெக்கார்டைக் கேட்டு வாங்கினேன். அட்டைக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, சிவப்பு மை வெளியே தெரிந்தது. அட்டையின் பின்பக்கம், வெளுத்துப்போன பழைய மையில் நைனா குறித்து வைத்திருந்தார்: "3ஆவது பாட்டு. டெஸ்டிங். 2 நிமிசம். மீதி கேக்கணும்."

"மீதி கேக்கணும்" என்பதன்மேல் புது மையில் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்.