பிரேக் குழாயில் காற்று

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆனபோது, இருவரையும் ஒரே வண்டிக்கு அடியில் படுக்க வைத்தவள் நான்தான். அந்த யோசனை முழுக்க என்னுடையது. வேறு யாரும் அதில் பங்கு கேட்டு வரமாட்டார்கள்.

சண்டை எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகையில் தொடங்கியது. தாய்மாமன் பெயரை முன்பக்கத்தில் போடாமல், பின்னால் உறவினர் பட்டியலில், அதுவும் தன் ஆபீஸ் நண்பர் ஒருவரின் பெயருக்குக் கீழே போட்டிருந்தார் என் கணவர். கேட்டால் அச்சகத்துத் தவறு என்றார். புரூஃப் பார்த்தது யார் என்று எனக்குத் தெரியாதா? தம்பி கல்யாணத்துக்கு வந்தான், சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், பந்திக்கு வராமல் போனான். அன்றிலிருந்து இவருக்கு அவன் 'உன் தம்பி', அவனுக்கு இவர் 'உன் வூட்டுக்காரர்'. நடுவில் நான் ஒருத்தி தபால்காரி.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த இரண்டு ஆம்பிளைகளும் முகத்தைப் பார்த்து நேராகப் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டிலும் இரண்டு பேரை மேய்க்க எனக்குத் தெம்பில்லை.

வாய்ப்பு ஒரு கக்கூஸ் வடிவில் வந்தது. என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நடமாடும் கழிப்பறை ட்ரெய்லர் ஒன்றை வாங்கினார். நான்கு கதவுகள், மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கழிவுத் தொட்டி. மைதானக் கூட்டங்களுக்கும் திறந்தவெளிக் கல்யாணங்களுக்கும் வாடகைக்கு விடுவது. அதை இழுக்க டிராக்டர்காரர்களை நம்பினார். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் அவர்கள் ஒன்பதுக்கு வந்தார்கள். அதற்குள் பந்தல் நிறைய ஜனம், ஒதுங்க இடமில்லை, இவருக்குப் போனில் வசவு. சொந்தமாக ஒரு பிக்கப் வேண்டும் என்று முடிவு செய்தார். புதிதாக வாங்குவது அவர் சுபாவம் இல்லை. வண்டலூர்ப் பக்கம் யாரோ ஒதுக்கி வைத்திருந்த பழைய பிக்கப் ஒன்றைக் கட்டி இழுத்து வந்து, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார். அதன் எஞ்சின் தண்ணீர்த் தொட்டியை மட்டும் இழுத்தாலே மூச்சு வாங்கும்.

என் தம்பி பல்லாவரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். டீசல் வண்டிகளில் கெட்டிக்காரன், வாயில் இல்லை. அவன் பட்டறையில், விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றின் டர்போ டீசல் எஞ்சின் சும்மா கிடந்தது. நான் போய்க் கேட்டேன். "உனுக்காவ செய்றேன் அக்கா. அவருக்காவ இல்ல" என்றான். இவரிடம் வந்து சொன்னேன். "வரட்டும். வேலையைப் பார்த்துட்டுப் போகட்டும். மத்தது எதுவும் வேண்டாம்" என்றார். வந்தாலே போதும் என்று நினைத்தேன். ஒரே போனட்டுக்குள் தலையை விட்டால் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்கள்?

ஏழு மாதம் இருந்தார்கள்.

பழைய எஞ்சினை இறக்கி, புதிய எஞ்சினுக்கு இடம் வெட்டி, கியர் பாக்ஸ் மாற்றி, பின்னால் கனம் தாங்க ஸ்பிரிங் பட்டைகள் கூட்டி, ட்ரெய்லர் மாட்டச் சேஸிஸோடு கொக்கி வைத்து, எஞ்சின் மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அலைந்து எல்லாம் செய்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் ஸ்பேனருக்குக் கை நீட்டுவார். மற்றவர் அதைத் தரையில் வைப்பார், கையில் கொடுக்க மாட்டார். பேச வேண்டியதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு வந்தது.

"அக்கா, சொல்லிடு. லோடு இழுத்துகினு வந்து நிறுத்தின ஒடனே சாவியைத் திருப்பக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ கொதிச்சிகினு இருக்கும், ஆயில் நின்னா வெந்துடும்."

நான் திரும்பிச் சொல்வேன், ஐந்தடி தள்ளி நிற்கும் மனுஷனிடம். அவர் காதில் விழுந்திருக்கும், ஆனாலும் நான் சொல்லும்வரை செவிடர். பிறகு, "முப்பது வருஷம் ஃபேக்டரியில இருந்தவன் நான். எனக்கே டர்போ பாடம் எடுக்க வேண்டாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்பார். ஃபேக்டரியில் அவர் இருந்தது ஸ்டோர்ஸில், சீட்டு எழுதும் மேஜையில். அதை நான் சொல்லவில்லை.

வண்டி முதன்முதலாக உறுமிய நாளில் இவர் போதகரை அழைத்து வந்தார். போனட் மேல் கை வைத்து அவர் ஜெபித்தார். குடும்பமாகக் கை கோத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள், ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டு. சமாதானத்தின் தேவனே என்று போதகர் ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலவும் வந்தது.

வண்டி இழுத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. காலி ட்ரெய்லரை ராஜகீழ்ப்பாக்கம்வரை இழுத்துப் போய் வந்தார்கள், இவர் ஓட்ட, அவன் பின்னால் பைக்கில் புகையைப் பார்த்துக்கொண்டு. தெருவில் எல்லாரும் எவ்வளவு கனம் இழுக்கும் என்றே கேட்டார்கள். எவ்வளவு கனத்தை நிறுத்தும் என்று கேட்டவன் என் தம்பி ஒருவன்தான். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வைத்தான். வண்டி வேகம் குறைந்தால் ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளுதலிலேயே கொக்கியருகே உள்ள எண்ணெய் அழுத்தப்பட்டு அதன் சக்கரங்கள் பிடிக்கும். அந்த எண்ணெய்க் குழாயில் துளி காற்று நின்றாலும் பிடிக்காது.

காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் கடப்பாரையால் கொக்கியை நெம்பி அழுத்த வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அழுத்து, பிடி, விடு என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுக்காமல் இந்த வேலை நடக்காது. நேரம் தப்பினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பிக்கப்பின் சொந்த பிரேக்குக்கு இதே வேலையைச் செய்தபோது நான் நடுவில் நின்றேன். தம்பி கீழேயிருந்து "அழுத்தச் சொல்லு" என்பான். நான் "அழுத்துங்க" என்பேன். இவர் "அழுத்தியாச்சுன்னு சொல்லு" என்பார். ஒரு மணி நேரம், பள்ளிக்கூடப் புடவையோடு, வெயிலில். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

அந்த வியாழக்கிழமை ட்ரெய்லரின் முறை. தேர்வு மேற்பார்வை முடிந்து கால் வீங்கி வந்து செருப்பைக் கழற்றுகிறேன். "அக்கா, வந்து நில்லு" என்றான். "வரச் சொல்லு, நேரமாகுது" என்றார் இவர், அவனிடம் இல்லை, காற்றிடம். எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம்.

"நான் வர மாட்டேன்" என்றேன். "வாய் இருக்கு இல்ல ரெண்டு பேருக்கும்? நீங்களே கூப்பிட்டுக்கோங்க. இனிமே இந்த வீட்டுல யாருக்கும் நான் சேதி சொல்ல மாட்டேன்."

உள்ளே போய் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். என்னைத் தேடி ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு இவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் குளிக்கப் போகும் சத்தம் கேட்டது. சற்றுக் கழித்துத் தம்பி ஜன்னலுக்கு வந்தான்.

"காத்து எடுக்கலக்கா. பிரேக்கு பிடிக்காது. நான் வர்ற வரிக்கும் ட்ரெய்லரை மாட்ட வேணாம்னு அவராண்ட சொல்லிடு."

"நீ சொல்லு. உள்ளேதான் இருக்காரு."

குளியலறைக் கதவைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான்.

இரவுச் சாப்பாட்டில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அப்போது பார்த்து இவர், "உன் தம்பி ஒரு வழியா தனியாவே முடிச்சிட்டுப் போயிட்டான் போல. இத்தனை நாள் எதுக்கு ரெண்டு ஆள் வேணும்னு படம் காட்டினானாம்" என்றார். இல்லை, முடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. அடுத்த வாடகை ஞாயிற்றுக்கிழமைதான், அதற்குள் தம்பி வேறு வழியில்லாமல் இவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். குழம்பை ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடம் போன பிறகு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணக்காரர் வேறிடத்தில் ஏற்பாடு செய்திருந்த ட்ரெய்லர் வரவில்லை என்று இவருக்குப் போன் வந்திருக்கிறது. தொட்டியை நிரப்பி, மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி பிரமாதமாக ஏறியதாம். இறங்கும்போது முன்னால் பஸ் நின்றது. இவர் மிதித்தார். வண்டி நின்றது, ட்ரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளி, பிக்கப்பைக் குறுக்கே திருப்பி, நடுச்சுவரில் மோதியது. கதவுகள் பிய்ந்து, தொட்டித் தண்ணீர் முழுதும் பாலத்தில் ஓடியது. அதற்குச் சற்றுமுன்தான் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் அந்தப் பக்கமாகத் தாண்டிப் போனாள் என்று போலீஸ்காரர் சொன்னார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது.

இவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் தையல். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பி கிரீஸ் சட்டையோடு ஓடி வந்தான். வாசலில் நின்றான். நான் எழுந்து, பழக்கதோஷத்தில், இருவருக்கும் நடுவே போய் நின்றேன்.

"காத்து எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதுப்பா மச்சான்" என்றார் இவர், என்னைத் தாண்டி அவனைப் பார்த்து.

"நேத்தே அக்காவாண்ட சொன்னேனே மாமா. சொல்லலையா உங்களுக்கு?"

"இல்லியே."

ஆறரை வருஷத்தில் அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், பத்திரிகையில் ஆரம்பித்தது யார், கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் தெரிந்தே சொல்லாமல் இருந்தது நான்.

இப்போது காலி மனையில் வண்டியை மறுபடி கட்டுகிறார்கள். தம்பி தினமும் வருகிறான். காலையிலிருந்து ஒரே பேச்சு, சிரிப்பு. ட்ரெய்லரில் காற்று எடுத்தபோது இவர் ஒற்றைக் கையால் கடப்பாரையைப் பிடித்து "அழுத்திட்டேன் மச்சான்" என்றார், அவன் "விடுங்க மாமா" என்றான், பத்து நிமிஷத்தில் முடிந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர்கள் பார்க்கவில்லை.

என் கணவர் என்னிடம் பேசி மூன்று மாதம் ஆகிறது. நேற்று சாயங்காலம் நான் அடுப்பருகே நிற்க, அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், கூப்பிட வேண்டிய தூரம்கூட இல்லை. தம்பி சமையலறை வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, மாமாவுக்கு காபி வேணுமாம்."