போலீஸ்காரர் கொண்டுபோன பத்திரிகை

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட நாட்களில், அங்கே பாறசாலையில் இருந்தோம். யுத்தகால அமெரிக்கப் படப் பத்திரிகைகளைச் சேர்ப்பது என் பைத்தியம். பூச்சி அரிக்காமலிருக்க, தெருவில் கிடைத்த போராட்ட நோட்டீசுகளை எழுத்து உள்ளே மறையும்படி மடித்து அட்டை போட்டிருந்தேன்.

ஒருநாள், வைத்திருந்தாலே கைது என்றிருந்த அந்த நோட்டீசுகளைத் தேடிப் போலீஸ் சோதனை வந்தது. விமானப் படங்களில் மயங்கிய உள்ளூர்ப் போலீஸ்காரர், "பிள்ளையளுக்குக் காட்டிட்டுத் தாறேன்" என்று ஒரு பத்திரிகையைக் கொண்டுபோய்விட்டார்.

"அட்டையைப் பிரிச்சா தீந்தோம்," என்றாள் மனைவி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வருகையில் அவரே வழிமறித்துப் பத்திரிகையை நீட்டினார். அட்டை புதுக் காக்கித் தாளாக இருந்தது.

"பழசு அடுப்புல போச்சு மக்கா. பாக்கியையும் இன்னைக்கே உரிச்சுப் போடு."

அன்றே உரித்தேன். அதன்பின் என் பத்திரிகைகளுக்கு அட்டையே கிடையாது. பூச்சி தின்றால் தின்னட்டும்.