கால்வாயின் வாட்டம் பார்த்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குவோர் அமைதியான கட்டுரையை எதிர்பார்த்தால் பொறுத்தருள வேண்டும். தம்பியாகிய எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அக்கா அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப மறுத்த அப்பாவைப் பட்டினி கிடந்து சம்மதிக்க வைத்தார். கணிதம் படித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

"கணக்குன்னாலே காய்ச்சல் வருது டீச்சர்" என்ற பத்தாம் வகுப்புப் பெண்களை அவர் அதட்டவில்லை. தெருவுக்கு அழைத்துப்போய், குடிநீர்த் தொட்டியின் நிழலை அளந்து அதன் உயரத்தைக் கண்டுபிடிக்க வைத்தார். அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எத்தனை வீட்டுக்குப் போதும் என்று கேட்டார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு விடை சொன்னார்கள்.

பள்ளியில் புதிதாக மழைநீர்க் கால்வாய் கட்டினார்கள். முதல் மழைக்கே தண்ணீர் வகுப்பறைக்குள் புகுந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி பெண்கள் பாடம் கேட்டார்கள். கட்டட வேலைக்காரர்கள் வாட்டம் என்று சொல்லும் சாய்வுப் பாடத்தை அக்கா அந்தக் கால்வாயிலேயே நடத்தினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் குழாயில் தண்ணீர் நிரப்பி மாணவியர் அளந்தார்கள். நீர் வெளியேற வேண்டிய பக்கம் தாழ்வதற்குப் பதில் உயர்ந்திருந்தது. கட்டியவர் பள்ளித் தாளாளரின் மைத்துனர்.

தாளாளர் அக்காவைக் கூப்பிட்டார். வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த நான் வெளியே நின்று கேட்டேன்.

"கணக்கு டீச்சர் கணக்கு நடத்துங்க. இன்ஜினியர் வேலை உங்களுக்கு எதுக்கு? தப்பா அளந்துட்டோம்னு பொண்ணுங்க கிட்ட சொல்லிடுங்க."

"அவங்க அளந்தது சரி சார். என் வாயால தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மறுவாரமே கணக்கு வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் சத்தமில்லாமல் கால்வாயை இடித்து வாட்டம் திருத்திக் கட்டினார்கள். கணக்கை மட்டும் திருப்பித் தரவில்லை. வேறு பள்ளிகளில் கேட்டபோது, 'வம்புக்காரி' என்ற பெயர் முந்திக்கொண்டு அங்கே போயிருந்தது. ஊரே அறிந்த அநியாயம் இது. தட்டிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

வேங்கிக்காலில் தம் கணவரோடு வாழ்ந்த வீட்டில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அதுதான் அவருக்கு மிச்சம். பிறகு சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கடைசி மாதங்களில் பேசவும் தெம்பின்றிப் படுத்திருந்தார்.

இறுதிச் சடங்கன்று தாளாளர் பெரிய மாலையோடு வந்தார். "கணக்குக்கே பெரிய நஷ்டம்" என்றார்.

"எந்தக் கணக்குக்கு சார்? நீங்க குடுத்தது தையல் கிளாஸ்தானே?" என்றேன்.

அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த மாணவியருக்கும், அவர்களை அனுப்பிவைத்த தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு நாளன்று அனைவரும் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து உணவருந்திச் செல்ல வேண்டுகிறோம்.

தாளாளருக்கு அழைப்பு இல்லை.